எதிரிமான்ன மாத்தயாவின் மரணம் தொடர்பாக

பிபிலை
9 ஜூன் 2003

செல்வி இனோகா எதிரிமான்னவுக்கு,

பொருள்: என் மரணம் தொடர்பாக.

இந்தப் பிரிவுக்கு நான்தான் கிராம சேவகன். என் கையெழுத்து இல்லாமல் இங்கே ஒருவனும் முறைப்படி சாக முடியாது. அப்படியிருக்க, என் சாவை மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன் பல்கலைக்கழக நண்பர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

சனிக்கிழமை முற்றத்துக் கொய்யா மரத்தில் கண்ணாடியை மாட்டி வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகம் இன்னும் சோப்பு நுரை. வாசலில் இரண்டு பஸ் வந்து நின்றது. வெள்ளை உடுத்த பிள்ளைகள் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. நாலைந்து பையன்கள் ஒரு பதாகையை விரித்து என் வேலியில் கட்ட ஆரம்பித்தார்கள். ‘எங்கள் தோழி இனோகாவின் அன்புத் தந்தை சோமதாச எதிரிமான்ன அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவர்கள்.’ நான் கையில் கத்தியோடு அதை இரண்டு முறை வாசித்தேன்.

கட்டிக்கொண்டே ஒருவன் என்னிடம் மெல்லக் கேட்டான்.

“மாமா, பெட்டிய எங்க வச்சிருக்காங்க?”

“எந்தப் பெட்டி?”

“எதிரிமான்ன மாத்தயாவோட...”

“நான்தான்டா எதிரிமான்ன!”

அவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான். ஒரு பெண்பிள்ளை என் வெள்ளை முகத்தைப் பார்த்து “அம்மே!” என்று அலறி அப்படியே சாய்ந்தாள். பக்கத்து வீட்டு சீலாவதி அக்கா பஸ்களைப் பார்த்துவிட்டுத் தலைவிரிகோலமாக ஓடி வந்தார். “ஐயோ, நேத்துக்கூட எங்கிட்ட சண்ட போட்டாரே, நல்லாத்தானே இருந்தாரு!” என்று கத்திக்கொண்டே வந்தவர், என்னைக் கண்டதும் நின்றார். பிறகு என்னையே திட்டினார். “உசுரோட இருந்துக்கிட்டு ஏன் மாத்தயா மனுசங்கள இப்பிடி பயமுறுத்துறீங்க?”

காரணம் விசாரித்தேன். நம் மரண உதவிச் சங்கத்தின் வெள்ளைக் கொடிகள் மழையில் நனைந்து பூஞ்சை பிடித்துக் கிடந்தன. தலைவர் என்ற முறையில் அவற்றைத் துவைத்து, சந்தியிலிருந்து நம் வாசல்வரை கயிறு கட்டி உலர்த்தியிருந்தேன். அத்தனை கொடிக்கு வேறு எங்கே கயிறு கட்ட முடியும்? மொனராகலை பஸ்ஸில் போன உன் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பார்த்திருக்கிறான். சாவு வீட்டுக் கொடி நேராக இனோகா வீட்டுக்குத்தான் போகிறது என்று அடுத்த ஊரில் இறங்கி விடுதிக்குப் போன் பண்ணியிருக்கிறான். அதுவரை என் தவறு. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வெறும் கொடியைப் பார்த்து இரண்டு பஸ் பிள்ளைகள் எப்படி நம்பினார்கள்? அதையும் கேட்டேன்.

“இனோகாதான் வியாழக்கிழமையே வீட்டுக்கு வந்துட்டாளே மாமா. உங்களுக்கு ரொம்ப முடியலன்னு அழுதுகிட்டே போனா. அவ உள்ள இருக்காளா?”

அவர்கள் என்னிடம் கேட்டார்கள். நான் அவர்களிடம் கேட்டேன். நீ எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதாகையில் என் பெயரைப் பார்த்தபோதுகூடச் சவரக் கத்தியைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஞாயிறு மாலை பிபிலைச் சந்திக்குப் போய் விடுதிக் காப்பாளருக்குப் போன் பண்ணினேன். “இப்பதான் வந்தா, கூப்பிடட்டுமா?” என்றார். வேண்டாம் என்றேன். நீ இருக்கிறாய் என்று கேட்டதே எனக்குப் போதுமாக இருந்தது என்பதே உண்மை.

அந்த நாட்களில் எங்கே இருந்தாய்? யாரோடு இருந்தாய்? எழுத்து மூலம் பதில் தேவை.

சோ. எதிரிமான்ன
கிராம சேவகர்

பழக்க தோஷத்தில் முத்திரை குத்திவிட்டேன். பொருட்படுத்தாதே.


சந்தமாலி மகளிர் விடுதி
12 ஜூன் 2003

அன்புள்ள அப்பச்சி,

யாரோடும் இல்லை. தூங்கினேன்.

நம்ப மாட்டீர்கள். நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். ஆனாலும் முதலில் அதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும்.

ஞாயிற்றுக்கிழமை விடுதி மேட்டில் ஏறி வந்தபோது வாயிலில் வெள்ளைப் பதாகை தொங்கியது. யாருக்கோ, பாவம், என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். உங்கள் பெயர். அதற்குக் கீழே என் பெயர். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன் அப்பச்சி. உங்களுக்கு முடியவில்லை என்று நான் சொன்ன பொய் பலித்துவிட்டது, நான்தான் உங்களைக் கொன்றேன் என்று நினைத்தேன். காவல்கார அங்கிள் ஓடி வந்தார். “அழாதீங்க மிஸ், அழாதீங்க. அப்பா உசுரோடதான் இருக்காராம். பிள்ளைங்க எல்லாம் உங்க வீட்டுலதான் சாப்ட்டுட்டு வந்திருக்காங்க” என்றார். அதைக் கேட்டு இன்னும் அதிகமாக அழுதேன். ஊருக்குக் கொண்டுபோனது ஒரு பதாகை, இங்கே கட்டியது ஒன்று. என் மீதிருந்த கோபத்தில் இதை யாரும் அவிழ்க்கவில்லை. நானே ஏறி அவிழ்த்தேன்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை, எத்தனை மதிப்பெண் வாங்கினேன் என்றுதான் கேட்பீர்கள். காலையில் விரிவுரை, அது முடிந்தால் புள்ளியியல் பயிற்சி. சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே நாடக வசனம் பாடமாக்குவேன். எனக்கு ஒரு மரத்தின் வேஷம், ஆனால் அந்த மரம் நிற்காமல் பேசுகிறது. மாலையில் எல்லே விளையாட்டு. மட்டையைப் பிடித்தால் பந்து ஆற்றுக்குப் போகும் என்று என்னைக் கடைசியில்தான் இறக்குவார்கள். இருட்டியதும் குப்பி வகுப்பு. விரிவுரையில் விளங்காததை எங்களுக்குள் விளங்கியவர் மற்றவர்களுக்குச் சொல்லித் தருவதற்கு அப்படிப் பெயர். புள்ளியியலுக்கு நான். கேன்டீன் மாடியில் பாதி வகுப்பு தரையில் உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் ஒரு பிள்ளைக்கு டியூஷன். இப்போது பொசன் பௌர்ணமி வருவதால் பக்திப் பாடல் குழுவும் சேர்ந்துகொண்டது. யார் எதைக் கேட்டாலும் என் வாய் சரி என்றுதான் சொல்கிறது. ஒரே பொழுதை இரண்டு இடத்தில் செலவழிக்க முடியாது என்பதுதான் பொருளியலில் எங்களுக்கு முதல் பாடம். அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் என்னுடையது.

புதன்கிழமை குப்பியில் பலகையில் ஒரு கோடு வரைந்தேன். எதற்காக வரைந்தேன் என்று தெரியவில்லை. நான் எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. எல்லோரும் பேனாவோடு காத்திருந்தார்கள். மறுநாள் எங்காவது போய்ப் படுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. களைப்பு என்று சொன்னால் இங்கே யாரும் விடமாட்டார்கள், எல்லோருக்கும்தான் களைப்பு. வீட்டில் நோய் என்றால் மட்டும் விடுவார்கள். அதனால் உங்களை நோயாளி ஆக்கினேன். கம்பளையில் நான் டியூஷன் கொடுக்கும் பிள்ளையின் அம்மா, ஃபஸ்லூனா அக்கா, ஒரு அறையைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஞாயிறுவரை அங்கேதான் தூங்கினேன்.

இப்போது எனக்கு நிறைய நேரம் இருக்கிறது. யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. என் அறைத்தோழி மதாரா என்னைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள். உங்களைப் பார்த்து மயங்கி விழுந்தது அவள்தான். வகுப்புத் தலைவன் இந்துனிலிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“மன்னிப்பெல்லாம் உன்கிட்டயே வச்சுக்க மச்சான். மலை ரோட்டு பதினெட்டு வளைவுலயும் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தாங்க பிள்ளைங்க, உங்கப்பாவ தூக்குறதுக்கு. அதுகூட போகட்டும். அவர் முன்னாடி நான் பேசினத நெனச்சாத்தான் செத்துடலாம்போல இருக்கு.”

என்ன பேசினாய் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறான். மதாராவும் சொல்லவில்லை. அவன் என்ன பேசினான் அப்பச்சி?

இனோகா


பிபிலை
17 ஜூன் 2003

இனோகா,

நீ தூங்கினாய் என்பதை நம்புகிறேன். பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நல்லதாக ஒன்றைச் சொல்லியிருப்பாய்.

நீ கேட்டதை எழுதலாமா வேண்டாமா என்று இந்தத் தாளை இரண்டு நாளாக மேசையில் வைத்துக்கொண்டு இருந்தேன். எழுதிவிடுகிறேன்.

அவ்வளவு தூரம் வந்த பிள்ளைகளைப் பட்டினியாக அனுப்ப முடியுமா? சங்கத்துப் பாத்திரங்களை எடுத்தோம். சீலாவதி அக்காவும் மற்றவர்களும் சேர்ந்து சோறும் பூசணிக்காயும் கருவாடும் சமைத்தார்கள். உன்னைத் தேடி யாரை எங்கே அனுப்புவது என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டிருந்தோம். உன் வகுப்புப் பெண்பிள்ளைகள், நீ இடையில் எங்காவது தோழி வீட்டில் தங்கியிருப்பாய், திங்கட்கிழமைப் பயிற்சிக்குத் தவறாமல் வந்துவிடுவாய் என்று என்னைச் சமாதானப்படுத்தினார்கள். பாதி நம்பினேன். ஊரே முற்றத்தில் கூடியிருந்தது. அப்போதுதான் அந்த இந்துனில் பையன் அனுதாப உரை தயார் செய்துகொண்டு வந்திருப்பதாக ஒருத்தி வாய் தவறிச் சொன்னாள்.

தான் போன பிறகு என்ன பேசுவார்கள் என்று தெரிந்துகொள்ள எந்த மனிதனுக்குத்தான் ஆசை இல்லை? நேர்மையான அதிகாரி, கைநீட்டாதவர், இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். ஊர் முன்னால் அதைக் கேட்க எனக்கு ஆசை வந்துவிட்டது.

“தயார் பண்ணினத சொல்லுப்பா” என்றேன்.

“வேணாம் மாமா. நல்லா இருக்காது.”

“செத்தவன் நானே கேக்குறேன். சொல்லு.”

அவன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். எனக்கு மறக்கவில்லை.

“இனோகாவோட அப்பச்சி ஆரஞ்சு உரிச்சா, கொட்டையெல்லாம் எடுத்துட்டு சுளை சுளையா அவ கையில வைப்பாரு. கணக்கியல்ல அவ ஃபெயில் ஆனப்ப சிரிச்சுட்டு, அது கெடக்குது வா மகளேன்னு வயலுக்குக் கூட்டிட்டுப் போயி அவகூட எல்லே விளையாடினாரு. அம்மா போன பிறகு ஸ்கூலுக்கு அவளுக்குத் தலை பின்னிவிட்டது அவர்தான். ஒரு நாளும் அவகிட்ட குரல உசத்தினதில்ல. எங்க எல்லாருக்கும் அப்பா இருக்காங்க. ஆனா இனோகா கதை சொல்லச் சொல்ல, அவரு எங்களுக்கும் அப்பச்சி ஆயிட்டாரு. அவரைப் பார்க்காமலே எங்களுக்கு அவரைப் பிடிக்கும்.”

ஊருக்கு என்னைத் தெரியும் இனோகா. கணக்கியல் முடிவு வந்த சித்திரைப் புத்தாண்டில், வந்திருந்த சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் நான் உன்னை என்ன சொன்னேன் என்று அவர்களுக்குத் தெரியும். பலகாரத் தட்டை அப்படியே வைத்துவிட்டு நீ பையைத் தூக்கிக்கொண்டு சந்திக்கு நடந்ததைப் பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற சீலாவதி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர்க் கடை முதலாளி காரணமில்லாமல் இருமினார். ஒருவராவது சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தப் பையனுக்கு நன்றி சொன்னேன். உள்ளே போய் மீதிப் பாதி முகத்தைச் சவரம் செய்தேன். அதுவரை மறந்திருந்தது.

பதாகையில் என் பெயராவது சரியாக இருந்தது. அந்தப் பேச்சில் நான் எங்குமே இல்லை. அந்த மனிதன் யார்? எனக்குச் சொல். இது உத்தரவு இல்லை.

சோ. எதிரிமான்ன


சந்தமாலி மகளிர் விடுதி
21 ஜூன் 2003

அப்பச்சி,

உங்கள் கடிதத்தை விரிவுரையில் வைத்துப் பிரித்தேன். பாதியிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டேன். இந்துனில் அதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பான் என்றோ, உங்கள் முன்னால், நம் முற்றத்தில், அந்த ஆட்கள் நடுவில் நின்று சொல்வான் என்றோ நான் கனவிலும் நினைக்கவில்லை. 

அந்த மனிதன் யாரும் இல்லை. நான் உண்டாக்கினேன்.

இங்கே வந்த முதல் வாரம் புதியவர்கள் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மதாரா அவள் அப்பாவைப் பற்றிப் பேசினால் நிறுத்தவே மாட்டாள். என் முறை வந்தது. “என் அப்பச்சி கிராம சேவகர். ரொம்ப நேர்மையானவர்” என்றேன். அத்தோடு முடிந்துவிட்டது. இன்னும் ஏதாவது வரும் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அப்போதுதான் ஆரஞ்சு வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சொல்லும்போது கொஞ்சம்கூடக் கூச்சம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பிறகு அது சுலபமாகிவிட்டது. நான் களைத்துப்போன ஒவ்வொரு நாளும் அவர் எனக்கு ஏதாவது நல்லது செய்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல மாட்டேன். அந்த வியாழக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போனபோது நான் கம்பளைக்குப் போக நினைக்கவே இல்லை. நம் ஊர்ப் பக்கம் போகும் மகியங்கனை பஸ் நின்றது, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று நினைத்தேன். காலை எடுத்துவிட்டேன். தூங்குவதற்கு ஒரு வேற்றுப் பெண்ணின் வீடு தேடிப் போனேன். அவர் என்னிடம் கேட்டது “சாப்ட்டியா?” என்று மட்டும்தான். அதற்கே நான் அவர் தோளில் விழுந்து அழுதேன், அவர் பயந்துபோனார்.

நான் உங்களிடம் இப்படிப் பேசியதே இல்லை. எழுதிவிட்டுப் பார்த்தால் இது என் கையெழுத்துத்தானா என்று இருக்கிறது. உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீங்கள் தனி ஆளாக என்னைப் படிக்க வைத்தது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை.

விடுமுறைக்கு நான் வரவில்லை. ஊரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்க அதைவிட. இங்கே பரவாயில்லை. பரீட்சை நெருங்கியதும் இந்துனில் வந்து, “கோவம் வேற, புள்ளியியல் வேற. சாயந்திரம் குப்பிக்கு வந்து சேரு” என்றான். மதாராவும் சுவரைவிட்டு என் பக்கம் திரும்பிவிட்டாள். நாடகத்தையும் பாடல் குழுவையும் விட்டுவிட்டேன். முடியாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஏதோ உடையப் போகிறது என்று நின்றேன். ஒன்றும் உடையவில்லை.

உங்கள் கோபம் ஆறியதும் எழுதுங்கள். ஆறாவிட்டாலும் எழுதுங்கள்.

இனோகா


பல்கலைக்கழகக் கேன்டீன்
5 ஜூலை 2003

மகளே,

கீழே கேன்டீனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பயப்படாதே, சண்டைக்கு வரவில்லை.

பதினெட்டு வளைவில் நானும் வாந்தி எடுத்தேன். உங்கள் விடுதிக் காவல்காரர் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார்.

“எந்த... எந்த எதிரிமான்ன மாத்தயா?”

“செத்துப்போன எதிரிமான்னதான்.”

என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நீ கேன்டீன் மாடியில் வகுப்பு எடுக்கிறாய் என்று இங்கே கூட்டி வந்தார். மேலே வந்து கதவோரம் நின்றேன். நீ பலகைப் பக்கம் திரும்பியிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. உனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்குத் தெரியாது. வீட்டில் நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை. மூலையில் ஒரு பையன் ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டான். எனக்கே எரிச்சல் வந்தது. நீ சிரித்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து சொன்னாய். இந்தப் பொறுமை இவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தேன். என்னிடமிருந்து இல்லை.

பிறகு நீ பக்கவாட்டில் திரும்பினாய். மகளே, நீ எவ்வளவு மெலிந்துவிட்டாய்! கன்னமெல்லாம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து.  புத்தாண்டுக்கு வந்தபோதும் இப்படித்தான் இருந்திருப்பாய். நான் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இந்துனில் பையன் மட்டும் என்னைக் கண்டு வெளிறிப்போனான். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

நீ உண்டாக்கின அந்த மனிதனைப் போல என்னால் ஆக முடியாது. முயற்சி செய்து பார்த்தேன். சீலாவதி அக்காவிடம் ஒரு நாள் முழுக்கக் குரலை உயர்த்தாமல் பேசினேன், எனக்குக் காய்ச்சலா என்று கேட்டார். அடுத்த வாரமே ஏதாவது ஒன்றுக்கு உன்னிடம் கத்துவேன். ஆனால் நீ படியில் வைத்த காலை எடுத்தாய் என்று வாசித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

உன்னைக் கண்டதும் முதலில் என்ன கேட்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பழக்கமான கேள்வி ஒன்றுதான், அதை நான் கேட்கப்போவதில்லை. சாப்பிட்டாயா என்பது அந்தக் கம்பளை அம்மாவுடையது, அதைத் திருட எனக்கு மனம் வரவில்லை. அதனால் கேள்வி எதுவும் கொண்டுவரவில்லை. சும்மா வந்திருக்கிறேன்.

காவல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உனக்குப் பார்க்க விருப்பமில்லை என்றால் அவரிடமே சொல்லி அனுப்பு. மாலை பஸ்ஸில் போய்விடுவேன். கோபப்பட மாட்டேன்.

அப்பச்சி


(அதே தாளின் அடியில், பென்சிலால்)

அப்பச்சி,

பஸ் ஏறிவிடாதீர்கள். இவர்களுக்குத் திங்கட்கிழமை பரீட்சை, இன்னும் ஒரு கணக்கு பாக்கி, பாதியில் விட்டுவிட்டு இறங்க முடியாது. பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன், எல்லோரும் என்ன என்ன என்று கேட்கிறார்கள். நீங்களே மேலே வாருங்கள். கடைசி வரிசையில் மதாரா இடம் வைத்திருக்கிறாள்.

வாருங்கள். என் அப்பச்சி யார் என்று இவர்களுக்கு நான் இன்னும் சொல்லவே இல்லை.